வானவூர்தியும் எண்பேரெச்சமும்: உடற்குறையுடையோரின் விண்வெளிப் பயணம் குறித்து ஒரு விளக்கம்

முன்னுரை

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த் நகரையொட்டி அமைந்துள்ள மாக் மண்டினில் தமிழாசிரியர் சிலரோடு கட்டுரை கற்பித்தல் குறித்து உரையாடும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. உரையாடல் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், ஆசிரியை ஒருவர் தம் கைப்பையிலிருந்து கட்டுரையேட்டின் ஒளிநகல் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் பணியாற்றும் பள்ளி வேறோர் ஊரில் உள்ளது. அதன் பெயர் ஈண்டு வேண்டா. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் 'என் இலட்சியம்' என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரை அது. பெருமூளை வாதத்தால் இரு கால்களும் வலுவிழந்து, ஊன்றுகோல் துணையுடன் நடப்பவன் அவன். தான் ஒரு விண்வெளி வீரனாகப் போவதாக எழுதியிருந்தான். ஏட்டின் ஓரத்தில், 'உன்னால் இயலக்கூடிய இலட்சியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீண்டும் எழுதுக' என ஆசிரியை சிவப்பு மையில் குறித்திருந்தார்.

"டாக்டர், நான் எழுதியது தவறா? பிறகு ஏமாந்து போகக்கூடாதே என்றுதான் அப்படி எழுதினேன்" என்றார் அவர். அன்று அவருக்குத் தக்க விடை கூற இயலவில்லை. 'பிள்ளைகள் கனவு காணட்டும்' எனச் சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அவர் கேட்டது ஆறுதலை அன்று. உடற்குறையுடைய ஒருவர் விண்வெளிக்குச் செல்ல இயலுமா, இயலாதா, எதனால் என்னும் செய்தியையே அவர் கேட்டார். அச்செய்தியை இயன்றவரை தொகுத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடுத்தடுத்த இரு பாடல்கள்

விண்வெளியைப் பற்றித் தமிழில் எழுதவோ பேசவோ முற்படுவோர் பலரும் புறநானூற்றின் 27-ஆம் பாடலைத் தவறாது சுட்டுவர். பாகன் செலுத்தாமல் இயங்கும் வானவூர்தி ஒன்றனை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் அப்பாடலில் குறிப்பிடுகிறார். அதனைக் கொண்டு, பண்டைத் தமிழர் ஆளில்லா விண்கலத்தை அறிந்திருந்தனர் என மேடைகளில் முழங்குவோரும் உளர். அப்பாடல் பொறியியலைப் பேசவில்லை. புலவர் பாடும் புகழுடையோர் தம் வினை முடித்தபின் எய்தும் பேற்றினையே பேசுகிறது.

வானவூர்தியைக் கண்டு வியப்போர் பெரும்பாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. 28-ஆம் பாடலும் அதே புலவர் அதே சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியதே. மக்கட்பிறப்பில் நேரும் எட்டு வகைக் குறைகள் அங்கு எண்பேரெச்சம் எனத் தொகுத்துரைக்கப்படுகின்றன. விழியின்மை, செவியின்மை, பேச்சின்மை, கூன், குறுகிய வடிவம், உறுப்பற்ற பிண்டம் முதலியன அவற்றுள் அடங்கும். இத்தகைய பிறப்பால் பயனில்லை என முன்னோர் கூறினர் என்பதிலிருந்து புலவரின் வாதம் தொடங்குகிறது. அறம், பொருள், இன்பம் ஆகிய மூன்றனையும் ஆற்றவல்ல செல்வத்தைப் பெற்ற அரசன் அதனைப் பயன்கொள்ள வேண்டும் என்று இடித்துரைப்பதே அவர்தம் கருத்து. உடற்குறையுடையோரை இழித்துரைப்பது அவர் நோக்கமன்று எனினும், அவர்தம் வாதம் அந்த எட்டுப் பெயர்களின் மீதே ஏறி நிற்கிறது.

ஓர் ஏட்டில் வானவூர்தி. மறு ஏட்டில் அதில் ஏற வாய்ப்பில்லாதோரின் பட்டியல். இவ்விரண்டையும் ஒரே தாளில் சேர்த்தெழுதிய அறிவிப்பு 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் புதிய விண்வெளி வீரர்களுக்கு விண்ணப்பம் கோரியபோது, உடற்குறையுடையோருக்கென ஒரு தனிப் பிரிவைத் திறந்தது. கணுக்காலோ முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதியோ இல்லாதோர், இரு கால்களின் நீளம் வேறுபட்டோர், 130 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரமுடையோர் ஆகியோர் அப்பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்றது. முதுகண்ணன் சாத்தனார் சுட்டிய எட்டனுள் இரண்டேனும் இங்கு இடம்பெற்றுவிட்டன எனலாம்.

தகுதி என்னும் அளவுகோல்

விண்வெளிக்கு 'முழுமையான' உடல் வேண்டும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? 1959-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாசா நிறுவனம் தன் முதல் எழுவரைத் தேர்ந்தெடுத்தது. சோதனை விமானிகளாகப் பயிற்சி பெற்றிருத்தல், 40 வயதுக்கு உட்பட்டிருத்தல் முதலிய நிபந்தனைகளோடு, உயரம் ஏறத்தாழ 180 சென்டிமீட்டருக்கு மிகுதல் ஆகாது என்பதும் ஒன்று. நெட்டையர் வலிமை குன்றியோர் என்பது இதற்குக் காரணமன்று. மெர்க்குரிக் கலம் அவ்வளவு குறுகியது. கலத்தின் அளவு மனிதனின் தகுதியாக எழுதப்பட்டது; நாளடைவில் எழுதிய காரணம் மறந்துபோகத் தகுதி மட்டும் நிலைத்தது.

இரசியாவின் சோயூஸ் கலத்தின் வரலாறு இதனினும் தெளிவானது. சோயூஸ் டிஎம் என்னும் வகையில் 164 முதல் 182 சென்டிமீட்டர் வரை உயரமுடையோரே அமர இயலும். 1995-இல் மீர் நிலையப் பயணத்துக்குப் பயிற்சி பெற்றுவந்த அமெரிக்கர் இருவருள் ஸ்காட் பராசின்ஸ்கி மிக நெட்டை என்றும், வெண்டி லாரன்ஸ் மிகக் குட்டை என்றும் விலக்கப்பட்டனர். இருவரும் நாசாவின் எல்லா உடற்சோதனைகளிலும் தேறியவர்கள். பின்னர் நாசாவின் வேண்டுகோளுக்கு இணங்க இருக்கைகளும் கருவிப்பலகையும் மாற்றியமைக்கப்பட்டன. 2002 அக்டோபரில் முதன்முறையாகப் பறந்த சோயூஸ் டிஎம்ஏ கலம் 150 முதல் 190 சென்டிமீட்டர் வரை இடங்கொடுத்தது. நேற்றுவரை தகுதியற்றிருந்தோர் மறுநாள் தகுதியுடையோர் ஆயினர். அவர்தம் உடலில் ஓர் அங்குலமும் மாறவில்லை.

மேலும் ஒரு செய்தி. சோயூஸில் செல்லும் ஒவ்வொருவருக்கும் அவரவர் முதுகின் வடிவத்தை அச்செடுத்து, அதற்கேற்ப இருக்கையின் உட்பகுதி தனித்தனியே வார்க்கப்படுகிறது. தரையில் மோதும் அதிர்ச்சியிலிருந்து முதுகெலும்பைக் காப்பதற்கான ஏற்பாடு இது. ஒருவரின் உடலுக்கெனத் தனியே இருக்கை செய்து கொடுப்பதை நம் பள்ளிகளில் 'சிறப்புச் சலுகை' என்போம். விண்வெளித் துறையில் அது நெடுங்கால நடைமுறை. இந்நடைமுறையும் எப்போதும் நிறைவானது எனக் கூறுவதற்கில்லை. 2019 மார்ச்சில் இரு பெண்கள் மட்டுமே இணைந்து மேற்கொள்ளவிருந்த முதல் விண்நடை, நடுத்தர அளவிலான மேலுடுப்பு ஒன்றுமட்டுமே ஆயத்தமாக இருந்தமையால் கைவிடப்பட்டது. அது நிறைவேற அவ்வாண்டு அக்டோபர் 18 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குறை பெண்களிடமா, உடுப்பு அலமாரியிலா என யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை.

செவிப்புலனற்ற பதினொருவர்

மாக் மண்டினிலிருந்து ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பும் வழியில் பெர்ரியில் கடலைக் கடந்தபோது நினைவுக்கு வந்தது வேறொரு படகு. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் வான்மருத்துவப் பள்ளியும் நாசாவும் இணைந்து, எடையின்மை மனித உடலை எவ்வாறு தாக்கும் என ஆராயத் தொடங்கின. அதற்கு வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரியிலிருந்து செவிப்புலனற்ற ஆடவர் பதினொருவர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பதின்மர் இளமையில் மூளையுறைக் காய்ச்சலால் செவியை இழந்தவர்கள்.

இவர்களை ஏன் நாடினர் என்பதை விளங்கிக்கொள்ள உட்செவியின் அமைப்பை அறிதல் வேண்டும். செவி கேட்பதற்கு மட்டும் உரிய உறுப்பன்று. அதன் உட்பகுதியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை உணர்கின்றன; அவற்றை அடுத்துள்ள பைகளில் இருக்கும் நுண்ணிய சுண்ணக் கற்கள் ஈர்ப்பின் திசையை உணர்த்துகின்றன. கண் ஒன்றைக் கூற உட்செவி வேறொன்றைக் கூறும்போது குமட்டலும் தலைச்சுற்றலும் உண்டாகின்றன. கப்பலிலும் மலைப்பாதைப் பேருந்திலும் நமக்கு நேர்வது இதுவே. விண்வெளியில் மேல் கீழ் என்பதே இல்லாமையால், அங்குச் செல்வோருள் பாதிக்கும் மேற்பட்டோர் முதல் சில நாள்கள் இதனால் அல்லலுறுகின்றனர். காய்ச்சல் அப்பதின்மரின் கேட்கும் திறனோடு இச்சமநிலை உறுப்பையும் செயலிழக்கச் செய்திருந்தது. எனவே அவர்களுக்குக் குமட்டல் என்பதே இல்லை.

அவர்களுள் நால்வர், நிமிடத்துக்குப் பத்து முறை சுழலும் அறையொன்றில் பன்னிரண்டு நாள்கள் தொடர்ந்து தங்கினர். விமானத்தில் ஏறி எடையின்மையை நுகர்ந்தனர். கனடாவின் நோவா ஸ்கோசியாக் கடற்பரப்பில், கொந்தளிக்கும் அலைகளுக்கிடையே ஒரு படகில் சோதனை நடைபெற்றபோது அவர்கள் கவலையின்றிச் சீட்டாடிக்கொண்டிருந்தனர். அவர்களைக் கண்காணிக்கச் சென்ற ஆய்வாளர்களோ கடல்நோயால் தாங்கவொண்ணாது தவித்து, சோதனையையே இடைநிறுத்தினர். அப்படகில் இயலாதோர் எவர்?

இதனோடு இன்னொரு செய்தியையும் ஒப்பிட்டுக் காணலாம். 1961-இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டு, பின்னர் உட்செவி நோயால் பல்லாண்டுகள் பறக்கத் தடை விதிக்கப்பட்டிருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பின் 1971-இல் நிலவில் நடந்தார். நோயுற்ற உட்செவி ஒருவரைத் தரையில் நிறுத்திற்று. நலமான உட்செவி விண்ணில் குமட்டலைத் தந்தது. முற்றும் செயலிழந்த உட்செவியோ எதற்கும் அசையவில்லை. எனினும் அப்பதினொருவருள் எவரும் விண்வெளிக்கு அனுப்பப்படவில்லை. அவர்தம் உடல்கள் தந்த அறிவு சென்றது, அவர்கள் செல்லவில்லை.

பினாங்கு வாசகர்க்கு இவ்வரலாறு தொலைவானதன்று. தஞ்சோங் பூங்காவில் 1954-இல் தொடங்கப்பெற்ற செவிப்புலனற்றோருக்கான கூட்டரசுப் பள்ளியில், உதட்டசைவையும் பேச்சையும் கொண்டே வகுப்பில் பாடம் நடந்த காலத்தில், பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே தமக்கென ஒரு சைகைமொழியை உருவாக்கிக்கொண்டனர். இன்று மொழியியலார் அதனைப் பினாங்குச் சைகைமொழி எனத் தனிமொழியாகக் கொள்வர். இரைச்சல் மிக்க கலத்திலோ, கண்ணாடிச் சாளரத்துக்கு அப்பாலும் இப்பாலும் நின்றோ, வானொலித் தொடர்பு அறுந்த நிலையிலோ பேசிக்கொள்ள எம்மொழி உதவும் என எண்ணிப் பார்க்கலாம்.

மலேசியப் பட்டறிவு

சுகோய் போர்விமானங்களை வாங்கும் ஒப்பந்தத்தின் பகுதியாக அமைந்த அங்காசாவான் திட்டத்தில் 11,000-க்கும் மேற்பட்ட மலேசியர் விண்ணப்பித்தனர். இறுதி நால்வருள் ஒரே பெண்ணாக வனஜா சிவா என்னும் பொறியாளர் இடம்பெற்றமை நம் சமூகத்தில் பெரிதும் பேசப்பட்டது. 2007 அக்டோபர் 10-ஆம் நாள் எலும்பு மருத்துவரான டாக்டர் ஷேக் முஸாபார் ஷூக்கோர் பைக்கனூரிலிருந்து புறப்பட்டு அனைத்துலக விண்வெளி நிலையத்தை அடைந்தார்.

அப்பயணத்தையொட்டி நம் நாட்டுச் சமய அறிஞர்கள் வகுத்தளித்த வழிகாட்டி ஒன்று இக்கட்டுரைப் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. விண்வெளியில் தொழுகை நடத்துவது எவ்வாறு என்பதே அவர்கள் எதிர்கொண்ட வினா. நிற்கத் தரையில்லை, குனிந்தால் உடல் மிதக்கும், திசையோ கணந்தோறும் மாறும். நிமிர்ந்து நிற்க இயலாவிடின் இயன்றவாறு நிற்றல், அதுவும் இயலாவிடின் அமர்தல், பின்னர்ப் படுத்தல், பின்னர் இமையசைவால் குறித்தல், இறுதியில் மனத்தால் எண்ணுதல் என அவர்கள் ஒரு வரிசையைத் தந்தனர். இது புதிதாகக் கண்டதன்று. நோயுற்றோருக்கும் உடல் இயலாதோருக்கும் சமய நூல்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் தளர்வின் வழிவந்ததே. நாட்டிலேயே மிகக் கடுமையான உடற்சோதனையில் தேறிய ஒருவருக்கு, படுக்கையில் கிடப்போருக்கென வகுத்த நெறி பொருந்திற்று. எடையின்மையில் எல்லாரும் ஏதோ ஒருவகையில் இயலாதோரே என்பதை இதனினும் துலக்கமாக ஓர் ஆய்வேடு கூறிவிட முடியாது.

அவர் அவ்வாண்டு அக்டோபர் 21-இல் திரும்பியபோது, கலம் வழக்கமான வழியினின்று விலகிச் செங்குத்தாகப் பாய்ந்து, குறித்த இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கியது. பயணிகள் வழக்கத்தினும் மிகுந்த அழுத்தத்தைத் தாங்க நேர்ந்தது. உடற்குறையுடையோரை அனுப்பத் தயங்குவோர் முன்வைக்கும் காரணங்களுள் இதுவே வலிமையானது. மீட்புக் குழு உடனே வாராத இடத்தில் இறங்கினால் ஒருவர் தாமாகக் கலத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஆனால் நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கித் திரும்புவோர் அனைவரையும் மீட்புக் குழுவினரே தூக்கி வெளியேற்றி நாற்காலியில் அமர்த்துவதைத் தொலைக்காட்சியில் நாம் கண்டிருக்கிறோம். அந்நேரத்தில் அவர்களுள் பலரால் துணையின்றி நடக்க இயலுவதில்லை.

கால்களின் கதை

ஐரோப்பிய நிறுவனத்தின் அழைப்புக்கு 22,500-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். உடற்குறையுடையோருக்கான பிரிவில் மட்டும் 257 பேர். 2022 நவம்பர் 23-இல் அப்பிரிவிலிருந்து பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மெக்ஃபால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2000-ஆம் ஆண்டு, 19 வயதில், மோட்டார்சைக்கிள் விபத்தில் வலக்காலை இழந்தவர் அவர். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றார். பின்னர் எலும்பு அறுவை மருத்துவரானார். நம் ஷேக் முஸாபாரும் அதே துறையினர் என்பது நினைவுகூரத்தக்கது.

அவர் பங்கேற்ற ஆய்வு எதிர்கொண்ட சிக்கல்கள் நுணுக்கமானவை. விண்வெளியில் கால்கள் நடப்பதற்குப் பயன்படுவதில்லை. கம்பியிலோ பட்டையிலோ பாதத்தைக் கோத்து உடலை நிலைநிறுத்தவே பயன்படுகின்றன. எனவே ஒரு காலின்மை அங்குப் பேரிழப்பன்று. சிக்கல் வேறிடத்தில் எழுகிறது. எடையின்மையில் உடலின் நீர்மம் கால்களினின்று மேனோக்கி நகர்கிறது. அதனால் வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதி சுருங்கலாம். அதன்மீது பொருந்தியிருக்கும் செயற்கைக்காலின் குழிவு தளர்ந்துவிடலாம். நிலையத்தில் எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை குறைவதால், நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணிநேர உடற்பயிற்சி கட்டாயம். உடலை வார்ப்பட்டைகளால் கீழே இழுத்துப் பிடிக்கும் ஓடுபொறியில் செயற்கைக்காலோடு ஓடுவது எப்படி? செயற்கைக்காலின் பொருள்கள் தீப்பற்றுமா, நச்சுக் காற்றை உமிழுமா? நெருக்கடியில் கலத்தைவிட்டு வெளியேற எவ்வளவு நேரமாகும்? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபின், பயணத்தைத் தடுக்கும் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை என முடிவு செய்யப்பட்டது. 2025 பிப்ரவரியில், நீண்டகாலப் பயணத்துக்கு அவர் மருத்துவ நிலையில் தகுதியுடையவர் என அறிவிக்கப்பட்டது.

இதற்கு முன்னரே, 2021 செப்டம்பரில், சிறுவயதில் எலும்புப் புற்றுநோயால் தொடையெலும்பின் ஒரு பகுதிக்கு மாற்றாக உலோகத்தண்டு பொருத்தப்பெற்ற ஹேலி ஆர்சனோ, தனியார் கலமொன்றில் மூன்று நாள் புவியைச் சுற்றிவந்திருந்தார். உடலில் செயற்கை உறுப்புடன் விண்வெளி சென்ற முதல்வர் அவரே.

செயற்கை உறுப்புக்கும் ஏவூர்திக்கும் உள்ள உறவைத் தமிழர் ஒருவரே முன்னர்க் காட்டியிருக்கிறார். இராமேசுவரத்துக்காரரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், 1989-இல் ஏவப்பட்ட அக்னி ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான கலப்புப் பொருளை ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தின் எலும்பு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தது. அம்மருத்துவர் தம் நோயாளிச் சிறார் மூன்று கிலோகிராமுக்கும் மிகுந்த இரும்புக் காலணைகளை இழுத்துக்கொண்டு நடப்பதைக் கலாமுக்குக் காட்டினார். அப்பொருளால் செய்யப்பட்ட புதிய காலணையின் எடை ஏறத்தாழ 300 கிராம். தம் வாழ்வின் பேருவகைகளுள் ஒன்றாகக் கலாம் இதனைப் பலமுறை குறிப்பிட்டுள்ளார். அன்று ஏவுகணைக்கூடத்திலிருந்து ஒரு பொருள் கால் வலுவிழந்த பிள்ளைகளிடம் இறங்கி வந்தது. இப்போது செயற்கைக்காலைச் சோதித்தறிந்த அறிவு விண்வெளி நிலையத்துக்கு ஏறிச் செல்கிறது.

சக்கர நாற்காலியும் இருளும்

ஸ்டீபன் ஹாக்கிங் 2007 ஏப்ரல் 26-இல், வளைவுப்பாதையில் பறந்து எடையின்மையைத் தோற்றுவிக்கும் விமானமொன்றில் தம் நாற்காலியைவிட்டு மிதந்தார். 2021 அக்டோபர் 17-இல் ஆஸ்ட்ரோ ஆக்சஸ் என்னும் குழு, பார்வையற்றோர், செவிப்புலனற்றோர், நடமாட்டக் குறையுடையோர் எனப் பன்னிருவரை அத்தகைய விமானத்தில் அனுப்பிற்று. அவர்கள் காட்சிப்பொருளாகச் செல்லவில்லை, ஆய்வாளராகச் சென்றனர். தொட்டறியும் குறிகள், ஒலிக்குப் பதிலாக ஒளியால் அறிவிக்கும் விளக்குகள், கட்டுப்பாடின்றி மிதக்கும் கால்களைப் பிணைத்துவைக்கும் பட்டையுள்ள உடுப்பு ஆகியவற்றைச் சோதித்தனர்.

2025 டிசம்பர் 20-இல் ஜெர்மானியப் பொறியாளர் மிகேலா பெந்தாவுஸ், ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் கலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் பாலைநிலத்திலிருந்து புறப்பட்டு நூறு கிலோமீட்டர் உயரத்தைக் கடந்து திரும்பினார். 2018-இல் மலைமிதிவண்டி விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து சக்கர நாற்காலியைப் பயன்படுத்தத் தொடங்கியவர் அவர். விண்வெளிக்குச் சென்ற முதல் சக்கர நாற்காலிப் பயனரும் அவரே. அப்பத்து நிமிடப் பயணத்துக்காகக் கலத்தில் செய்த மாற்றங்கள் நம்மை வியக்கவைக்கும் அளவுக்குச் சிறியவை. நுழைவாயிலுக்கும் இருக்கைக்கும் இடையே வழுக்கிச் செல்ல, மருத்துவமனைகளில் உள்ளதைப் போன்ற ஒரு பலகை. இறங்கியபின் மணலில் விரிக்க ஒரு கம்பளம். ஏவுதளத்தில் மின்தூக்கி முன்னரே இருந்தது. நம் கல்விக்கூடங்கள் சிலவற்றில் மாடியிலுள்ள அறிவியல் கூடத்துக்கு இன்றும் மின்தூக்கி இல்லை என்பதை இவ்விடத்தில் எழுதாமல் இருக்க இயலவில்லை.

பார்வையற்றோர் நிலை என்ன? 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர்ப் பினாங்குக்கு இடம்பெயர்ந்த செயின்ட் நிக்கலஸ் இல்லத்தை இங்குள்ளோர் நன்கறிவர். கண்ணின்றி ஓரிடத்தை நினைவில் பதித்து, தொட்டும் கேட்டும் விரைந்து இயங்கும் பயிற்சி அத்தகைய இல்லங்களில் அன்றாடப் பாடம். 1997 பிப்ரவரி 23-இல் மீர் நிலையத்தில் தீப்பற்றியபோது புகை கண்ணை மறைத்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் சரக்குக் கலம் மோதியபின் மின்சாரம் அற்று நிலையம் இருண்டது. 2001 ஏப்ரலில் விண்நடையின்போது கனடியர் கிறிஸ் ஹாட்ஃபீல்டின் கண்களில் தலைக்கவசத்தைத் துடைக்கும் கரைசல் புகுந்து சிறிதுநேரம் பார்வையைப் பறித்தது. இருளில் பதறாதிருக்கப் பழகிய ஒருவர் அக்குழுக்களில் இருந்திருப்பின் பயன்பட்டிருப்பார் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் பொருளுண்டு. ஆயினும் திரையைப் பார்த்தே இயக்கவேண்டிய இன்றைய கலத்தில் பார்வையற்றவர் தனித்தியங்க இயலாது என்பதும் உண்மை. திரையை வேறுவகையில் அமைக்கலாமா என்பதே அடுத்த வினா.

சொல்லும் வகுப்பறையும்

நாம் வழங்கும் சொற்களும் இங்கு ஆராயத்தக்கவை. மலாயில் வழங்கும் ஓ.கே.யு. என்னும் குறுக்கம் 'ஆற்றல் குறைந்தவர்' எனப் பொருள்படும். தமிழில் 'ஊனமுற்றோர்' என்பது வழக்கொழிந்து 'மாற்றுத்திறனாளி' நிலைபெற்றுவிட்டது. முன்னையது குறையை உடலில் வைத்தது. பின்னையது திறனை உடலில் வைக்கிறது. இரண்டுமே உடலை மட்டும் நோக்குகின்றன. 2008-ஆம் ஆண்டின் மலேசிய உடற்குறையுடையோர் சட்டமோ, நெடுநாளைய குறையுடைய ஒருவர் பல்வகைத் தடைகளை எதிர்கொள்ளும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க இயலாமற் போவதைச் சுட்டுகிறது. உறுப்பில் இருப்பது குறை. குறையும் தடையும் சந்திக்கும் இடத்தில் பிறப்பது இயலாமை. இவ்விரண்டையும் வேறுபடுத்தக் 'குறை', 'இயலாமை' என்னும் இரு பழஞ்சொற்களே போதுமானவை. புதுச்சொல் ஆக்கும் நம் ஆர்வத்தைச் சற்று அடக்கிக்கொள்ளலாம்.

இனி அந்த ஆசிரியையின் வினாவுக்கு வருவோம். பெருமூளை வாதமுடையோர் ஐரோப்பிய நிறுவனத்தின் 2021 அறிவிப்பில் இடம்பெறவில்லை. மெக்ஃபால் ஓட்டவீரர், மருத்துவர். பெந்தாவுஸ் விண்வெளிப் பொறியாளர். அவர்களைக் காட்டி அம்மாணவனிடம் 'நீயும் போவாய்' என உறுதியளித்தல் முறையாகாது. ஆயினும் அவர் ஏட்டோரத்தில் எழுதிய 'உன்னால் இயலக்கூடிய' என்னும் தொடர், 1959-இல் கலத்தின் அளவை மனிதனின் தகுதியாக எழுதியோர் செய்த அதே பிழையைச் செய்கிறது. கலம், உடுப்பு, இருக்கை, விதி ஆகியவற்றைப் பற்றிய உண்மையைப் பத்து வயதுச் சிறுவனைப் பற்றிய உண்மையாக அது மாற்றிவிடுகிறது. 'எப்படிப் போவாய்? கலத்தில் என்ன மாற்ற வேண்டும்?' என ஓரத்தில் கேட்டிருந்தால் அதே கட்டுரை அறிவியல் கட்டுரையாக வளர்ந்திருக்கும்.

இக்கருத்தை மடலில் அவருக்கு எழுதியபோது அவர் முழுதும் உடன்படவில்லை. முப்பது பிள்ளைகளின் ஏடுகளைத் திருத்தும் ஆசிரியருக்கு இத்தனையும் எழுத நேரம் ஏது எனக் கேட்டார், கேள்வி நேர்மையானது. எனினும் அவ்வினாவை மாணவனிடம் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார். சில வாரங்களுக்குப் பின் அவர் அனுப்பிய மறு ஒளிநகலில், தன் ஊன்றுகோலை மடக்கி இருக்கையின் பக்கவாட்டில் செருகிவைக்க ஓர் உறை வேண்டும், மிதந்துபோய்ப் பிறர்மீது இடிக்காதிருக்க அதற்கு ஒரு கொக்கி வேண்டும், மேலே போனபின் அதன் முனையால் எட்டாத பொத்தானை அழுத்தலாம் என மாணவன் எழுதியிருந்தான். படமும் வரைந்திருந்தான். 'ஊன்றுகோல்' என்பதை எல்லா இடத்திலும் 'ஊன்றுகோள்' என்றே எழுதியிருந்தான். ஆசிரியை சிவப்பு மையில் அந்த ளகரத்தை மட்டும் திருத்தியிருந்தார்.